டைமிங் பெல்ட் மாற்றும் முன் வெள்ளைக் கோடு

கிராங்கையும் (பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இணைப்பது டைமிங் பெல்ட். பழையதைக் கழற்றும் முன், முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து, கேம் புல்லி, கிராங்க் புல்லி இரண்டிலும் பெல்ட்டின் பல்லோடு சேர்த்து ஒயிட்னரால் கோடு போடுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பல்லை இரண்டு முறை எண்ணி, அதே கோடுகளைப் புது பெல்ட்டில் போட்டு மாட்டுங்கள்.

புல்லியில் கம்பெனி போட்ட குறி எண்ணெய் அழுக்கில் எளிதில் தெரியாது. ஒரு பல் தப்பினாலே வால்வு திறக்கும் நேரம் மாறிவிடும். அதிகம் தப்பினால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்துவிடும். அப்புறம் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான். ஒயிட்னர் இருபது முப்பது ரூபாய்.

மாட்டி, பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரை இறுக்கியதும், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒன்று. புல்லிக் குறிகள் பழைய இடத்துக்கு வர வேண்டும். பெல்ட்டில் போட்ட கோடு விலகி நிற்கும், பயப்படாதீர்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள்.

பெல்ட் ஏற்கெனவே அறுந்திருந்தாலோ பல் தாண்டியிருந்தாலோ இது உதவாது. புல்லி அசையாமல் பூட்டும் லாக்கிங் பின் கேட்கும் டீசல் இன்ஜின்களுக்கும் போதாது. சென்னையில் உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டைக்குப் பெல்ட் வாங்கக் கிளம்பும் முன், உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று பாருங்கள்: பழைய மாருதி 800-இல் பெல்ட், மாருதியின் கே சீரிஸ் இன்ஜினில் செயின்.