பழைய அம்பாசிடரில் நெடுந்தூரம் போகிறவர்கள் சீட் கவர் தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அம்பாசிடர், பத்மினி கார்களைத் தேடி வாங்கி, எஞ்சினைச் சரிசெய்து, சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்கள் இப்போது குஷன் கடைகளுக்கு அதிகம் வருகிறார்கள். அந்த ஆர்வம் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இருக்கை விஷயத்தில், தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. நிறப் பொருத்தம், அளவுப் பிழை போன்ற எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

அடியைத் திறந்து பார்க்காமல் மேலே கவர் தைப்பது

எல்லாவற்றிலும் அதிகப் பணத்தை விழுங்குவது இந்தத் தவறுதான். இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுதான். இருக்கை அமுங்கிக் கிடக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்றதும், “மேல நல்லா மெத்துன்னு மூணு இஞ்ச் ஸ்பாஞ்ச் வச்சு தச்சுடுங்கண்ணே” என்கிறார்கள். அப்படியே தைத்துக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன.

பழைய அம்பாசிடரின் முன்பக்கம், ஸ்டீரிங்குக்கு அருகிலேயே கை கியர் இருந்த காலம் முழுவதும், ஒரே நீள இருக்கையாகத்தான் இருந்தது. 1990களில் இசுசு எஞ்சினுடன் வந்த வண்டியில்தான் தனித்தனி இருக்கைகளும் தரை கியரும் வந்தன. அந்த நீள இருக்கையின் அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் ஸ்பிரிங், ஸ்பிரிங்கின்மேல் சாக்குத் துணி, அதற்கும் மேல் தென்னை நாரோ பஞ்சோ, கடைசியில் ரெக்சின் என்று பல அடுக்குகள் உண்டு. பயணியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்; ஸ்பிரிங் மேலே குத்தாமல் தடுப்பது சாக்கு; எடையைப் பரப்பிக் கொடுப்பது நார். கவர் இவற்றை மூடி நிற்கிறதே தவிர எதையும் தாங்குவதில்லை.

பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் ஓட்டுநர் பக்கத்து ஸ்பிரிங்தான் முதலில் தளரும், ஏனென்றால் வண்டி எடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். இதனால் இருக்கை கதவுப் பக்கமாகச் சரிந்துவிடுகிறது. சரிந்த இருக்கையில் உட்காருபவரின் இடுப்பு எலும்பு ஒரு பக்கம் தாழ்கிறது. உடம்பை நேராக நிறுத்த முதுகு மறுபக்கம் வளைகிறது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொள்கிறது. இப்போது அதன்மேல் மூன்று அங்குல ஸ்பாஞ்சை ஒரே கனத்தில் பரப்பினால் என்ன ஆகும்? சரிவு அப்படியே இருக்கும், உயரம் மட்டும் கூடும்.

ஒருவர் இப்படித்தான் வேறொரு கடையில் புதிதாகக் கவர் தைத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார். கடையில் உட்கார்ந்து பார்த்தபோது சோபாவைப் போல இருந்ததாம். விழுப்புரம் தாண்டியதும் தொடை ஸ்டீரிங்கின் அடி வளையத்தில் உரச ஆரம்பித்தது. திருச்சியில் இறங்கியபோது நிமிர முடியவில்லை. மதுரையோடு பயணத்தை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். எங்களிடம் வந்த அந்த இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்தபோது, ஓட்டுநர் பக்கத்தில் இரண்டு ஸ்பிரிங்குகள் முறிந்து, கூர்முனைகள் மேல்நோக்கி நின்றன. சாக்கு மக்கிப் பொடியாகியிருந்தது. நடுவில் தடுப்பு ஏதும் இல்லாததால் முறிந்த கம்பி புதிய ஸ்பாஞ்சை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சட்டத்தைத் தட்டியதும் மஞ்சள் தூள் தரையில் கொட்டியது. இதில் வேதனையான செய்தி, அந்தப் புதிய கவரும் வீணானது என்பதுதான். புடைத்த மெத்தைக்கு அளவெடுத்து வெட்டிய கவர், சரிசெய்து பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்த இருக்கையில் தொளதொளவென்று தொங்கியது. அவர் கவருக்கு மட்டும் இரண்டு முறை பணம் கொடுத்தார். ஸ்பிரிங் வேலைக்கு ஆன செலவு அதில் சிறு பங்குதான்.

ஆகவே வேலையின் வரிசை மாறக்கூடாது. முதலில் இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் உள்ளங்கையால் அழுத்தி, எது எளிதில் தாழ்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நேரான மரச்சட்டம் ஒன்றை இருக்கையின் குறுக்கே, இடமிருந்து வலமாக வைத்தால், ஓட்டுநர் பக்கத்தில் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். முறிந்ததையும் தளர்ந்ததையும் மாற்றி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அவிழ்ந்த கட்டுகளைச் சணல் கயிற்றால் மீண்டும் கட்டி, புதிய சாக்கையோ கெட்டியான கேன்வாஸையோ இழுத்துப் பொருத்திய பிறகுதான் நார் விரிப்பும் ஸ்பாஞ்சும் வர வேண்டும். கவருக்கு அளவெடுப்பது அதற்கும் பிறகுதான்.

ஸ்பாஞ்ச் வாங்கும்போது 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று எண்ணைச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்த எண் ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சின் எடையை கிலோகிராமில் சொல்கிறது. அது எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வதில்லை. ஒரே டென்சிட்டியில் மென்மையானதும் உண்டு, விறைப்பானதும் உண்டு. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் மென்மையானதே சுகமாகத் தெரியும். நெடுஞ்சாலையில் அது முழுவதும் அமுங்கி, எலும்பு ஸ்பிரிங்கின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். அடியில் கெட்டியான ஓர் அங்குலம், மேலே மென்மையான அரை அங்குலம் என்று வைத்தால் அம்பாசிடருக்குத் தாராளமாகப் போதும்.

தையலை மூடுவதற்கு முன் வண்டியின் உரிமையாளரை வரச் சொல்லி, வண்டிக்குள்ளேயே உட்கார வைக்க வேண்டும். தொடைக்கும் ஸ்டீரிங்குக்கும் இடையில் கை தடையில்லாமல் நுழைய வேண்டும். கிளட்ச்சை முழுவதும் மிதிக்கும்போது மெத்தையின் முன்விளிம்பு தொடையை அழுத்தக்கூடாது. கண்ணாடியைத் திருப்பாமலே பின்னால் வரும் வண்டி தெரிய வேண்டும்.

வழுவழுப்பான ரெக்சின்

பளபளப்பைப் பார்த்து மயங்கி இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்பக்கம் நீள இருக்கையாக இருக்கும் வண்டியில் பக்கவாட்டில் உடம்பைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வழுவழுப்பான ரெக்சினில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீரிங்கைப் பிடித்துத்தான் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். திருப்புவதற்காக உள்ள ஸ்டீரிங்கில் உடம்பின் எடை தொங்குவது ஆபத்து. வெயில் காலத்தில் ஏசி இல்லாத வண்டியில் முதுகு ஒட்டிக்கொள்வது இன்னொரு துன்பம்.

உட்காரும் பகுதிக்கும் முதுகு சாயும் பகுதிக்கும் கெட்டியான பருத்தித் துணி, ஓரங்களுக்கு ரெக்சின் என்று பிரித்துத் தைப்பதே என் பரிந்துரை. அரசு அம்பாசிடர்களில் வெள்ளைத் துவாலை விரித்திருந்ததைப் பலர் பதவியின் அடையாளமாக மட்டும் நினைக்கிறார்கள். வியர்வையை உறிஞ்சி, வழுக்காமல் பிடித்து, கழற்றித் துவைக்கவும் முடிகிற அந்த விரிப்பு, நம் வெப்பத்துக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு. விரிப்பில் நாடாக்களைத் தைத்து, இருக்கைக்கு அடியில் இறுகக் கட்டினால் போதும்.

தொடைக்கு அடியில் பைப்பிங்

முன்விளிம்பில் தடித்த பைப்பிங் (உள்ளே கயிறு வைத்து ஓரத்தில் தைக்கும் உருண்டைக் கரை) வைத்தால் பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கும். ஆனால் கிளட்ச் மிதிக்கும் கால் அந்தத் தடிப்பின்மேலேதான் மீண்டும் மீண்டும் அழுந்துகிறது. இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துப்போகிறது. பைப்பிங்கை விளிம்புக்குக் கீழே, செங்குத்துப் பக்கத்துக்கு இறக்கிவிடுங்கள்.

நெருக்கமான தையல்

ரெக்சினில் ஊசித் துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம் போலக் கிழியும். ஓர் அங்குலத்துக்கு ஆறு ஏழு தையல் போதும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும்.

நனைக்காத பருத்தி

வெட்டுவதற்கு முன் துணியை ஊறவைத்து உலர்த்துங்கள், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கும்.

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு

உங்கள் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதன்மேல் மூடி இல்லாமல் இருக்கையைத் திரும்ப வைத்தால், ஆள் உட்காரும்போது ஸ்பிரிங் பேட்டரி முனைகளைத் தொட்டு நாரில் தீப்பிடிக்கும். மூடி தொலைந்திருந்தால் வேறு ஒன்று கிடைக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

பழைய உறையைத் தூக்கி எறிவது

கிழிந்து நைந்த உறையாக இருந்தாலும், தொழிற்சாலையில் தைத்ததாக இருந்தால் அதற்கு ஈடான அளவுத்தாள் வேறில்லை. மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் இருந்த தொழிற்சாலையில் 2014இலேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. மூல வடிவத்தைக் கேட்டு வாங்க இனி இடமில்லை. கத்தியால் கிழிக்காமல் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் இடம், வலம், முன், பின் என்று பேனாவால் எழுதி, மடிப்பு விழாமல் சுருட்டிப் பழைய வேட்டித் துணியில் கட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கடையில் வேலைக்கு விடும்போதே, பழைய உறை எனக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.