பழைய ஃபெயின்வெர்க்பாவ் 300எஸ்: காற்று எங்கே போனது?

கிளப்பில் சுடும் அண்ணன் ஒருவர் தன் பழைய ஃபெயின்வெர்க்பாவ் 300எஸ் ஏர் ரைபிளை விற்கப் போவதாகச் சொன்னார். ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் தயாரானது. சேகரிப்புக்கும் ஆச்சு, 10 மீட்டர் பயிற்சிக்கும் ஆச்சு என்று வாங்கிவிட்டேன். குழல் துளை 0.177 அங்குலத்தைத் தாண்டாமல், சுடும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைபிளுக்கு இந்தியாவில் உரிமம் வேண்டாம். விற்றதற்கான கடிதம் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

சுடும்போது மேல்பாகம் முழுவதும் தண்டவாளத்தில் வழுக்குவதுபோல் பின்னால் நகர்ந்து உதைப்பை விழுங்கிவிடும். தோளுக்கு ஒன்றுமே தெரியாது. அதில்தான் மயங்கினேன்! ஆனால் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) எல்லாம் இலக்கு அட்டையில் கீழேயே விழுந்தது. முதலில் குறிபார்க்கும் சைட்டைத் திருகினேன், அப்புறம் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டேன். இரண்டும் வீண்.

கடைசியில் பெல்லட் போட்டு மூடி, குழலும் சிலிண்டரும் சேரும் இடத்தின் மேல் டிஷ்யூ துணுக்கு ஒன்றை வைத்துச் சுட்டேன். துணுக்கு பறந்தது. காற்று அங்கேதான் கசிகிறது. ஸ்பிரிங்கை ஏற்றும் பக்கவாட்டு நெம்புகோலான சைடு லீவரை இழுத்து, ஒரு கையால் இறுகப் பிடித்தபடி (விட்டால் விரல் போய்விடும்) பார்த்தேன். அந்த இடத்தில் காற்றை அடைக்கும் சீல் அப்பளமாகக் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. புது சீல் வரவழைத்து மாற்றியதும் பெல்லட் பழைய உயரத்துக்கு ஏறியது. சிலிண்டருக்குள் சாதாரண எண்ணெய் விடவில்லை, அழுத்தத்தில் பற்றிக்கொள்ளும்.

திருவான்மியூர் உப்புக்காற்றுக்கு வெளிப்புறம் மட்டும் தினம் எண்ணெய்த் துணி கேட்கிறது.