ஸ்ரீரங்கப்பட்டணப் போர்ப் படங்கள்: பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

1799 மே 4 அன்று திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்தது. மறு வருஷமே அந்தக் காட்சியைக் ஓவியமாகக் காசு கொடுத்துப் பார்க்க லண்டனின் லைசியம் அரங்கில் கூட்டம் கூடியது. நூறடிக்கும் மேல் நீண்ட அந்த ஓவியத்தைத் தீட்டிய ராபர்ட் கெர் போர்ட்டர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். இந்தியாவைப் பார்த்தவர் அல்ல. அந்த ஓவியத்தைப் பார்த்து வெண்ட்ராமினி என்ற செதுக்குக் கலைஞர் தகட்டில் செதுக்கிய அச்சுப்படங்களைத்தான் பலர் நேரடிச் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

போர் நடந்த வருஷத்தைப் படம் பிறந்த வருஷமாகக் கொள்வதுதான் பெரிய தவறு. வரைந்தவர் யார், அன்று எங்கே இருந்தார் என்று முதலில் பாருங்கள். 1792இல், முந்தைய மைசூர்ப் போரின் முடிவில், திப்புவின் பிள்ளைகள் பிணைக்கைதிகளாக ஒப்படைக்கப்பட்டதை மேதர் பிரவுன் லண்டனில் உட்கார்ந்தபடி வரைந்தார். ராபர்ட் ஹோம் என்ற ஓவியரோ அந்தப் போரை நடத்திய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படையோடு கூடவே போனவர். அதே காட்சியை வரைந்தபோது கூட்டத்தில் தன்னையும் ஓர் ஓரமாகச் சேர்த்துக்கொண்டார். இருவர் படத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அடுத்து, சிவப்புக் கோட்டு போட்டவரெல்லாம் வெள்ளைக்காரர் என்று நினைப்பது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்களுக்கும் சிவப்புக் கோட்டுதான். கண்ணைக் கீழே இறக்குங்கள்: தொடையோடு நிற்கும் அரைக்கால் சட்டை, வெறுங்கால், மேலே தலைப்பாகை என்றால் அவர் நம்மூர்ப் பக்கத்து ஆளாகவே இருக்கலாம். மைசூர்மேல் போன படையில் இவர்கள்தான் பெரும்பான்மை. படங்களிலோ புகைக்குப் பின்னால் பாதி முகம் தெரிந்தால் அதிகம். முன்வரிசை முழுக்க, கோட்டைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பேர்டும் அவருடைய அதிகாரிகளும்தான். வாங்குகிறவர்கள் லண்டன்காரர்கள் அல்லவா!

நிறத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். தகட்டில் அடித்த படத்துக்குப் பெரும்பாலும் கையால்தான் வர்ணம் பூசினார்கள். எந்த ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) என்பதைக் காலர், கைமடிப்பு நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பூசியவர் தூரிகையை மாற்றித் தொட்டால் ரெஜிமெண்டே மாறிவிடும். சாதாரணச் சிப்பாயின் கோட்டு வேர்ச்சாயத்தில் தோய்த்த மங்கலான செங்கல் சிவப்பு. பளீர் சிவப்பு அதிகாரிகளுக்கு. படத்தில் எல்லோரும் ஒரே பளீர்.

வாள் எல்லோருக்கும் இடக்கையில் இருந்தால், வேறொரு படத்தைப் பார்த்துத் தகட்டில் நேராகவே செதுக்கியிருப்பார்கள். அச்சில் அது கண்ணாடிப் பிம்பமாகப் புரண்டுவிடும்.

திப்பு இறக்கும் காட்சி முழுக்கக் கற்பனை. சுட்டவர் யாரென்று கடைசிவரை உறுதியாகவில்லை. உடலையே இருட்டிய பிறகு, வாயிலில் கிடந்த பிணக்குவியலில் விளக்கு வைத்துத் தேடித்தான் எடுத்தார்கள்.

வாங்கப் போகிறவர்கள் பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பின்னாளில் இயந்திரத்தில் அடித்த நகல். படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சட்டம் போடுகிறவர்கள் அந்த ஓரத்தையே வெட்டியிருப்பதும் உண்டு.