போக்சோ சட்டம்: ஆசிரியரும் மருத்துவரும் தகவல் அளிக்கும் முறை

குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தாலோ, நடக்கக்கூடும் என அஞ்சினாலோ, இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஆசிரியர், மருத்துவர் உட்பட எவரும் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ தகவல் அளித்தே ஆக வேண்டும். குற்றத்தை நிரூபிப்பது உங்கள் பொறுப்பன்று. ஆகவே குழந்தையைத் துருவித் துருவி விசாரிக்காமல், அது சொன்ன சொற்களையே தேதி, நேரத்துடன் எழுதிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் சொன்னதோடு கடமை முடிந்துவிடாது. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அவசர சிகிச்சை தேவைப்படும் குழந்தையிடம், காவல்துறையின் கடிதம் வரட்டும் என்று மருத்துவர் காத்திருக்கச் சொல்லக் கூடாது. தகவல் தராதவருக்கு 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு 1 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்துடன் தந்த தகவலுக்காக எவர்மீதும் சட்டப் பொறுப்பு சுமத்தப்படாது.