அம்மா கைப்பேசியில் விளம்பரத் தொல்லை ஒழிந்த கதை

பினாங்கு தண்ணீர்மலையில் எடுத்த தைப்பூசப் படங்களை அம்மா அத்தையிடம் காட்டப் போனால், இரண்டு படத்துக்கு ஒருமுறை கடன் விளம்பரம் குதிக்கும். கோபத்தில் அந்த இலவச கேலரி செயலியையே தூக்கிவிட்டேன்.

பிரவுசரில் எஃப்-டிராய்டு (திறமூலச் செயலிகள் இலவசமாகக் கிடைக்கும் செயலிக் கடை) தளத்துக்குப் போய் அதன் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பை, இறக்கினேன். அறியாத செயலி என்று ஆண்ட்ராய்டு மிரட்டும். அமைப்புகளில் அந்த பிரவுசருக்கு மட்டும் அனுமதி கொடுத்து, நிறுவியதும் மறுபடி மூடிவிட்டேன் (இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்). பிறகு எஃப்-டிராய்டிலிருந்து ஃபாஸிஃபை கேலரி. இணைய அனுமதியே கேட்காத செயலி; விளம்பரம் எங்கிருந்து வரும்?

வீடியோவுக்கு விஎல்சி போதும்.

அம்மாவுக்கு ஒரே குறை: "பழசுல எழுத்து பெருசா இருந்துச்சுடா." கைப்பேசியின் எழுத்தளவை ஏற்றிக் கொடுத்தேன்.