விபிஎஸ் முடிந்ததும் பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போகிறது? பாதுகாப்பு ஏற்பாடு, படிப்படியாக

விபிஎஸ், அதாவது கோடை விடுமுறையில் சபை நடத்தும் வேதாகமப் பள்ளி, என்றால் பாட்டுக்கு ஆள் போடுகிறோம், நாடகத்துக்கு, கைவேலைக்கு, பரிசு வாங்க, பவனிக்குக் கொடி ஒட்ட என்று எல்லாவற்றுக்கும் ஆள் போடுகிறோம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு யார் என்று கமிட்டியில் கேட்டால், “அதுக்கென்ன, நம்ம கோயில்தானே” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழ் வரும் சபைகளில்) அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமச் சபை. வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் சபைக்கு வெளியே இருந்து வருபவர்கள். நூறு பிள்ளைகளுக்குள் வரும் சபைகளுக்கு இந்தப் படிகள் பொருந்தும். பாடத்திட்டம், பட்ஜெட், நன்கொடை பற்றி இங்கே எதுவும் இல்லை.

படி 1: ஆள் எடுப்பது

உதவிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கப் படிவம் வாங்குங்கள். முகவரி, கைபேசி எண், முன்பு எந்தச் சபையில் இருந்தார், அவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் போன் போட்டுப் பேச வேண்டும். படிவத்தை வாங்கிப் பீரோவில் வைப்பதற்கு வாங்காமலே இருக்கலாம்.

போக்சோ என்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதன் 2020 விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று சொல்கின்றன. சில நாள் விபிஎஸ்ஸுக்கு இது வருமா என்று வாதாடுவதைவிட, வருடம் முழுக்க ஓய்வுநாள் பள்ளி (ஞாயிறு வகுப்பு) எடுப்பவர்களிடமிருந்து தொடங்கிவிடுவது சுலபம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஐயா வீட்டுப் பையன், செயலர் மகள் என்று யாருக்கும் விலக்கு வேண்டாம். முதல் விண்ணப்பத்தைப் போதகர் ஐயாவே போட்டுவிட்டால் மற்றவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடித்துவிட்டு உதவிக்கு வரும் அண்ணன்மார், அக்காமார். 18 வயது ஆகாதவர்கள் எல்லோரும் சட்டப்படி குழந்தைகள்தான். அவர்கள் பாட்டு சொல்லிக்கொடுக்கட்டும், கலர் பேப்பர் வெட்டட்டும். ஆனால் வகுப்பில் எத்தனை பெரியவர்கள் என்று எண்ணும்போது அவர்களைச் சேர்க்காதீர்கள். அவர்களும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகள்.

படி 2: ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது

ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள். முடிந்தவரை கணவன் மனைவி ஜோடியாக வேண்டாம், வேறு வேறு வீட்டு ஆட்களாக இருக்கட்டும். பிகினர்ஸ் என்கிற சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு மூன்று பேர் வைத்தாலும் தகும். கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். வெஸ்ட்ரி (போதகர் அங்கி மாற்றும் அறை), சாமான் அறை, மாடிப்படிக் கதவு எல்லாவற்றுக்கும் பூட்டு.

கழிப்பறைக்குப் பிள்ளைகளை இரண்டிரண்டாக அனுப்புங்கள். பெரியவர் வெளியே, மற்றவர் கண்ணில் படும் இடத்தில் நிற்கட்டும். சின்னப் பிள்ளைக்குக் கழுவிவிட வேண்டியிருந்தால் இன்னொரு அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டு போகட்டும்.

தனி ஜெபம்தான் கொஞ்சம் சிக்கல். கடைசி நாட்களில் பிள்ளைகள் அழுவார்கள், வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வார்கள், யாராவது பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிப்பார்கள். அதை நிறுத்தச் சொன்னால் ஆவியானவரைத் தடுக்கிறோம் என்ற பேச்சு வரும். நான் நிறுத்தச் சொல்லவில்லை. அறையை விட்டுக் கோயிலுக்குள்ளேயே கடைசி பெஞ்சுக்கு மாற்றச் சொன்னேன். பேசுவது யார் காதிலும் விழாது, உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பிள்ளையை மட்டும் பைக்கில் ஏற்றிப்போய் வீட்டில் விடுவதும் கூடாது. உதவியாளர்கள் பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதும் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில் அனுப்பினால் போதும். வெளியூரிலிருந்து வரும் விபிஎஸ் டீம் பிள்ளைகள் புழங்கும் கட்டடத்தில் இரவு தங்க வேண்டாம்.

படி 3: பெயர் எழுதுவது

லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு ஒன்று. பெயர், வயது, வகுப்பு, தெரு, பெற்றோரின் இரண்டு எண்கள், கூட்டிப்போக வருபவர் யார், ஒவ்வாமை, வலிப்பு, வீசிங் உண்டா. கூகுள் படிவம் வேண்டாம் என்பது என் கட்சி. எங்கள் ஊரில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது பாட்டி. அவர் கையில் பட்டன் போன். அப்புறம் யாரோ ஒரு அக்கா தன் போனில் பத்துப் பிள்ளைகளுக்கு நிரப்புவார், பத்துக்கும் அவருடைய எண்ணே இருக்கும்.

வெளிப்பிள்ளைகளின் பெற்றோரிடம் இது வேதாகமப் பள்ளி என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். படம் எடுக்கலாமா என்பதையும் அதே இடத்தில் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றவர்களின் பிள்ளைக்குக் கையில் வேறு நிற ரிப்பன் கட்டிவிட்டால், போன் வைத்திருக்கும் அண்ணன்மாருக்குத் தானாகத் தெரியும்.

படி 4: விடும் நேரம்

எங்களை அதிகம் திணறடித்தது இதுதான். காலையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவார்கள், எழுதிவிடலாம். மதியம் ஆமென் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வாசலுக்கு ஓடுவார்கள். அங்கேதான் பிஸ்கட்டும் ஜூஸும் கொடுப்போம். அதே வாசலில் அம்மாமார், ஆட்டோக்கள், பைக்குகள், ஐஸ் வண்டி. யார் யாரோடு போனார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

முதலில் அட்டையில் எண் எழுதிக் கொடுத்தோம். அம்மா அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். இன்னொரு வீட்டில் தம்பியைக் கூட்டிப்போக மூன்றாம் வகுப்பு அக்கா வந்தாள். அட்டை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினால் சண்டை, விட்டுவிட்டால் அட்டைக்கு அர்த்தமில்லை. இப்போது நடப்பது இப்படி.

தின்பண்டத்தை முடிவு ஜெபத்துக்கு முன்பே வகுப்பில் கொடுத்துவிடுகிறோம். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிக் கூட்டம் குறைந்துவிட்டது. ஜெபம் முடிந்ததும் யாரும் எழுந்திருப்பதில்லை, வகுப்பு வாரியாக வரிசையில் உட்கார்ந்தபடியே பாட்டு ஓடும். வாசலில் இரண்டு பேர் நோட்டோடு நிற்பார்கள். வருகிறவர் பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும், நோட்டில் அந்தப் பிள்ளைக்கு எதிரே அவர் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே குரல் கொடுப்போம். அட்டைக்குப் பதிலாக ஃபேன்சி கடையில் கிடைக்கும், ஒரே எண் இரண்டு பக்கமும் அச்சடித்த டோக்கன் புத்தகம் வாங்கினோம். ஒரு பாதி நோட்டில் ஒட்டப்படும், மறுபாதி வீட்டுக்குப் போகும். டோக்கனைக் கொண்டுவந்தால் சீக்கிரம் போகலாம், மறந்துவிட்டால் நோட்டைப் பார்த்து அனுப்புவோம். சண்டை நின்றுவிட்டது.

“யார் வருவார்கள்?” என்று கேட்டால் “சித்தப்பா வருவார்” என்பார்கள். ஊரில் பாதிப் பேர் யாருக்காவது சித்தப்பாதான். பெயரையும் எண்ணையும் வாங்குங்கள். நோட்டில் இல்லாத ஒருவர் வந்து, “அவங்க அம்மாதான் அனுப்பினாங்க, இந்தா போன்ல பேசுங்க” என்று தன் போனை நீட்டினால் அதில் பேசாதீர்கள். நோட்டில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். எடுக்கவில்லையா, பிள்ளை உட்கார்ந்திருக்கட்டும். வந்தவர் கோபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், நேர்மையாக வந்தவர் மறுநாளே மறந்துவிடுவார். பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் யாரிடம் விடலாம், யாரிடம் விடக் கூடாது என்பதைப் பெயர் எழுதும்போதே, மற்றவர் காதில் விழாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாக நடந்து போகிற பிள்ளைகள் கிராமத்தில் நிறைய. அதற்குப் பெற்றோரின் கையெழுத்து தனியாக வேண்டும். நாங்கள் அவர்களைத் தெரு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர் கூடவே போய் முக்குவரை விட்டுவிட்டு வருகிறோம். கடைசிப் பிள்ளை போகும்வரை வளாகத்தில் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவருக்குப் பசி வந்து கிளம்பிவிடுவது வழக்கம், ஆகவே இதற்கு முறை போட்டுப் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

படி 5: இடம்

வளாகத்துக் கிணற்றுக்கு மூடி உண்டா என்று முதலில் பாருங்கள். மே மாத வெயில், ஆகவே பானையில் தண்ணீரும் நிழலும் வேண்டும். கீற்றுப் பந்தலாக இருந்தால் சமையல் அடுப்பு அதிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். படிக்கட்டு குறுகலாக இருந்ததால் மேலே இருந்தவர்களால் இறங்க முடியவில்லை. பிள்ளைகள் வெளியே ஓடாமல் இருக்க இரண்டாவது கேட்டைப் பூட்டிச் சாவியை யாரோ வீட்டுக்கு எடுத்துப்போகும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தாழ்ப்பாள் போட்டு ஆளை நிறுத்துங்கள்.

படி 6: யாரோ தவறாக நடந்துகொண்டதாக ஒரு பிள்ளை வந்து சொன்னால்

கேளுங்கள். ஆச்சரியமோ கோபமோ காட்டாமல் கேளுங்கள். “அப்புறம் என்ன செய்தார்” என்று தோண்டித் தோண்டி விசாரிப்பது நம் வேலை இல்லை. பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்துகொடுக்காதீர்கள்.

அடுத்து வருவதுதான் சபைகள் தடுமாறும் இடம். “வெளியே தெரிந்தால் சபைக்குக் கெட்ட பெயர், கமிட்டியில் வைத்துப் பேசி முடிக்கலாம்” என்பார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கும் என்ற அச்சம் இருந்தாலோ யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரைப் பற்றிச் சொல்லாமல் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் எந்த வழக்கும் வராது. கமிட்டிக் கூட்டத்தில் இந்த இரண்டு பிரிவுகளையும் வாசித்துக் காட்டினேன், அதற்குமேல் பேச்சு நீளவில்லை.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1098க்குக் கூப்பிடுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், பதிவு செய்யும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்பதையும் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டுமே என்ற பயத்தில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். பிள்ளையின் பெயரை ஜெபக் குறிப்பாகக்கூடச் சபையில் சொல்லக் கூடாது.

பின்சேர்க்கை, வாசகர்கள் கேட்டவை

சென்னையில் வாடகை ஹாலில் கூடும் சபை ஒன்றிலிருந்து, கழிப்பறை கீழ்த்தளக் கடைக்காரர்களுக்கும் பொது, என்ன செய்வது என்று கேட்டார்கள். பெரியவர் முதலில் உள்ளே போய் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வெளியே நிற்கட்டும். இடைவேளை அரைமணி நேரத்துக்கு மட்டும் பூட்டித் தரக் கடைக்காரரிடம் கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

கத்தோலிக்க வாசகர் ஒருவர் மறைக்கல்வி வகுப்புக்கும் இது பொருந்துமா என்றார். பொருந்தும். பூசைக்கு உதவும் பீடச் சிறுவர்கள் உடை மாற்றும் அறையையும், பாதயாத்திரையில் இரவு தங்கும் இடத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு பற்றிப் படிவத்தில் கேட்கிறீர்களே, வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். கையில் சாவிக்கொத்து, இரும்பு எதுவும் கொடுக்காதீர்கள், வாய்க்குள் ஸ்பூனோ துணியோ வைக்காதீர்கள். சுற்றியுள்ள சாமான்களை நகர்த்திவிட்டு, தலைக்கு மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையைக் காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, முதல் தடவையாக வந்திருந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.