ஏஐயைப் பாட்டுப் போடச் சொல்லாதீர்கள், பிரித்துத் தரச் சொல்லுங்கள்

நான் பேஸ் கிடார் வாசிப்பவன். ஏஐ வந்த பிறகு நமக்கு வேலை இருக்குமா என்று என்னிடம் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பின்னணியில் சும்மா ஓடும் இசை, சின்ன விளம்பர இசை போன்றவற்றில் சூனோ, யூடியோ போன்ற பாட்டு உருவாக்கும் ஏஐ செயலிகள் நம் இடத்தைப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். மற்ற இடங்களில் நிற்க, அதே தொழில்நுட்பத்தை வைத்துக் காதைக் கூர்மையாக்கலாம்.

டீமக்ஸ் (Demucs) என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். மெட்டாவின் ஆய்வாளர்கள் உருவாக்கியது, இலவசம். ஒரு பாட்டைக் கொடுத்தால் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என நான்கு தடங்களாகப் பிரித்துத் தரும். எம்பி3 வேண்டாம், ஒலித் தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பைக் கொடுங்கள்.

முதலில் பேஸ் தடத்தை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். ஆங்காங்கே காலால் அடிக்கும் கிக் டிரம்மின் அடி ஒட்டியிருக்கும். பேஸின் தாழ்ந்த இ (E) கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். கிக்கும் அந்தப் பக்கத்தில்தான் ஒலிக்கிறது, அதனால் டீமக்ஸ் தடுமாறுகிறது. சந்தேகம் வந்த சுரத்தை முழுப் பாட்டில் போட்டுச் சரிபாருங்கள்.

அடுத்து பேஸை அணைத்துவிட்டு, மற்ற மூன்று தடங்களோடு நீங்கள் வாசித்துப் பதிவு செய்யுங்கள். உங்கள் தடத்தையும் அசல் தடத்தையும் திரையில் மேலும் கீழுமாக வையுங்கள். சுரம் சரியா என்பது பிறகு. ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்குகிறது, எங்கே விடுகிறது என்று பாருங்கள். கைதேர்ந்தவர் சில இடங்களில் கிக்குக்கு ஓர் இழை பிந்தி விழுவார். பாடகர் மூச்சு வாங்கும்போது சுரத்தைச் சட்டென்று நிறுத்தி இடம் விடுவார். ஏன் அங்கே நிறுத்தினார் என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும், இதில்தான் மொத்தப் பாடமும் இருக்கிறது.

பிறகு கணினியை மூடிவிட்டு, பாடத் தெரிந்த ஒருவரை அதே பாட்டை அவர் இஷ்டத்துக்கு இழுத்தும் குறைத்தும் பாடச் சொல்லி, கூடவே வாசியுங்கள். மேடைக்கு நம்மைக் கூப்பிடுவது இதற்காகத்தான்.

பதிவுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. உங்கள் வாசிப்பை ஏஐ பயிற்சிக்கோ நகலெடுக்கவோ பயன்படுத்தினால் தனி அனுமதி, தனித் தொகை என்று எழுத்தில் வாங்குங்கள். 2024இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்கள் ஏஐயால் உருவாக்கப்பட்டன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் தெரிவித்தார். உயிரோடு இருக்கும் நாமும் அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

சொந்த மெட்டாக இருந்தால், ஏஐயிடம் கொண்டுபோகும் முன் நீங்களே வாசித்துப் பதிவு செய்து, திருத்தாத கோப்பைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். வெறும் எழுத்துக் கட்டளை கொடுத்து உருவாக்கியதற்குப் பதிப்புரிமை கிடைக்காது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொல்லியிருக்கிறது.